கப்பா, கிராமா? சமையல் அளவுகளை மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செய்முறைக் குறிப்பில் கப் கணக்கு இருக்கும். கையில் இருப்பதோ தராசு. அல்லது குறிப்பு முழுவதும் கிராமில் இருக்கும். வீட்டில் தராசே இருக்காது. இப்படி மாட்டிக்கொண்டவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே உள்ளன. எண்கள் மட்டும் போதும் என்பவர்கள் நேராக அந்தப் பகுதிக்குப் போய்விடலாம். மாவைப் பற்றிய பதிலை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். கேக் கல்லாகிப்போவதும் ரொட்டி வறண்டுபோவதும் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

ஒரு கப் என்பது எத்தனை கிராம்?

எதில் ஒரு கப் என்று சொல்லாமல் இதற்குப் பதில் கிடையாது. கப் இடத்தை அளக்கிறது. கிராம் எடையைச் சொல்கிறது. 237 மில்லிலிட்டர் கொள்ளும் ஒரே கப்பில் தண்ணீர் ஊற்றினால் ஏறக்குறைய 237 கிராம். சர்க்கரை கொட்டினால் 200. மைதாவைத் தளர்வாக நிரப்பினால் 120. தேன் என்றால் 336. கொக்கோ தூள் என்றால் 85 கிராம்தான். "ஒரு கப் என்றால் 240 கிராம்" என்று எங்கேனும் பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால், அது தண்ணீருக்கும் பாலுக்கும்தான் பொருந்தும். அதையே மாவுக்கும் வைத்துக்கொண்டால் இரண்டு மடங்கு மாவு போய்விடும்.

ஒரே கப்பில் இவ்வளவு வேறுபாடு எப்படி வருகிறது?

இரண்டு காரணங்கள். ஒன்று, பொருளின் அடர்த்தி. தேன் தண்ணீரைவிடக் கனமானது. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. இது எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். இரண்டாவது காரணத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்: காற்று.

சர்க்கரையை எடுத்துக்கொள்வோம். ஒரு சர்க்கரைப் படிகத்தின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு சுமார் 1.59 கிராம். இடைவெளியே இல்லாமல் 237 மில்லிலிட்டர் கப்பைச் சர்க்கரையால் அடைக்க முடிந்தால் அது 376 கிராம் இருக்க வேண்டும். தராசில் வைத்தால் 200 கிராம்தான் காட்டுகிறது. ஏனென்றால் அந்தக் கப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருப்பது காற்று. கூர்முனை கொண்ட படிகங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் இடுக்குகளில் அது உட்கார்ந்திருக்கிறது. கப்பைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தால் அந்த இடுக்குகள் வெறும் கண்ணுக்கே தெரியும்.

மாவில் நிலைமை இன்னும் மோசம். தளர்வாக நிரப்பிய ஒரு கப் மாவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு காற்றுதான். அந்தக் காற்று கூடினாலோ குறைந்தாலோ கப்பின் எடை மாறிவிடும். திரவத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் பால், எண்ணெய், தேன் ஆகியவற்றின் மாற்று எண்களைத் தயங்காமல் நம்பலாம்.

தண்ணீர் மட்டும் எப்படி 1 மில்லிலிட்டர் = 1 கிராம் என்று சரியாக அமைந்தது?

தற்செயல் இல்லை, அப்படித்தான் வரையறுத்தார்கள். 1795இல் பிரான்ஸில் மெட்ரிக் முறைக்கான சட்டம் வந்தபோது, உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலையில் ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடையே ஒரு கிராம் என்று வைத்தார்கள். வரையறை பின்னர் மாறிவிட்டாலும் இந்தப் பொருத்தம் சமையலுக்குத் தேவையான துல்லியத்தில் அப்படியே நிற்கிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் 998 கிராம். கொதிநிலையில் மட்டும் சுமார் 958 கிராமாக இறங்குகிறது. ஆகவே கொதிக்கும் தண்ணீரைக் கப்பால் அளந்தால் 4 சதவீதம் குறைவாகப் போகும். குழம்புக்கு இது பொருட்டே இல்லை. ரொட்டி மாவுக்கு நிறையத் தண்ணீர் விடும்போது நினைவில் வைக்கலாம்.

எந்தக் கப்பைச் சொல்கிறார்கள்?

குறிப்பு எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதை முதலில் பாருங்கள். அமெரிக்கக் கப் 236.6 மில்லிலிட்டர். அதே நாட்டில் உணவுப் பொட்டலங்களின் சத்து விவரத்தில் குறிக்கப்படும் கப் 240 மில்லிலிட்டர். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் புழங்கும் மெட்ரிக் கப் 250. ஜப்பானியச் சமையல் குறிப்புகளில் வரும் கப் 200. மின்சார அரிசிக் குக்கரோடு பெட்டிக்குள் வரும் சிறிய பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180 மில்லிலிட்டர்தான். அது ஜப்பானின் பழைய அரிசி அளவான 'கோ'விலிருந்து வந்தது. பழைய பிரிட்டிஷ் குறிப்புகளில் அரை பைண்ட், அதாவது 284 மில்லிலிட்டர் கப்பும் தென்படும்.

180க்கும் 284க்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பாருங்கள். குறிப்பில் மாவு, பால், சர்க்கரை எல்லாமே கப்பில் இருந்து, நீங்கள் எல்லாவற்றையும் ஒரே கப்பால் அளந்தால் விகிதம் கெடாது; மொத்த அளவு மட்டும் கூடும் அல்லது குறையும். ஆனால் நடுவில் "2 முட்டை", "ஒரு பாக்கெட் ஈஸ்ட்", "200 கிராம் வெண்ணெய்" என்று ஏதாவது ஒன்று கப் அல்லாத கணக்கில் வந்துவிட்டால், கப் எது என்பது உடனே முக்கியமாகிவிடுகிறது.

வீட்டில் இருக்கும் கப் எத்தனை மில்லிலிட்டர் என்று தெரியாவிட்டால், காலிக் கப்பைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். தராசு காட்டும் கிராம்தான் அதன் மில்லிலிட்டர். கப்பின் அடியில் பொறித்திருக்கும் எண்ணைவிட இதை நம்பலாம்; அலங்காரமாகச் செய்யப்படும் அளவுக் கப்புகள் சொன்ன அளவுக்கு வராமல் போவது அரிதே இல்லை.

மாவுக்கு ஒவ்வொரு அட்டவணையும் ஒவ்வொரு எண் சொல்கிறதே, எது சரி?

எல்லாமே சரியாக இருக்கலாம் என்பதுதான் சிக்கல். ஒருவர் 120 கிராம் என்பார், இன்னொருவர் 125, வேறொருவர் 142. ஒவ்வொருவரும் தாம் நிரப்பும் விதத்தில் நிரப்பி எடை போட்டிருக்கிறார்கள்.

மாவைச் சலித்து, கரண்டியால் கப்பில் மெதுவாகத் தூவி, கத்தியின் முதுகால் தலைதட்டினால் 110 கிராம் அளவில் நிற்கும். சலிக்காமல், டப்பாவில் இருக்கும் மாவைக் கிளறிவிட்டுக் கரண்டியால் அள்ளிப் போட்டுத் தலைதட்டினால் 120 முதல் 125. கப்பையே மாவுக்குள் குத்தி அள்ளினால் 140, 150கூட வரும். அள்ளிய பிறகு கப்பை மேடையில் இரண்டு தட்டுத் தட்டினால் மாவு கண்ணெதிரே கீழே இறங்கும். இறங்கிய இடத்தில் இன்னும் கொஞ்சம் போட்டு நிரப்புவோம். அதோடு போயிற்று.

மாவு மட்டும் இப்படி நடந்துகொள்வதற்குக் காரணம் அதன் துகள்கள் மிக நுண்ணியவை என்பதே. சர்க்கரைப் படிகம் தன் எடையாலேயே உருண்டு இடுக்கில் போய் விழுந்துவிடும். மாவுத் துகளுக்கு அந்த எடை இல்லை. பக்கத்துத் துகளோடு ஒட்டிக்கொண்டு அந்தரத்தில் நிற்கிறது. அந்த லேசான கட்டமைப்பை ஒரு தட்டு, ஒரு அமுக்கு குலைத்துவிடும். வாங்கி நெடுநாள் ஆகி, டப்பாவின் அடியில் இறுகிக் கிடக்கும் மாவு ஒரு கப்புக்கு அதிக எடை காட்டுவதும் இதனால்தான்.

விளைவைக் கணக்காகவே பாருங்கள். ஒரு ரொட்டிக்கு 3 கப் மாவு, 240 கிராம் தண்ணீர் என்று இருக்கிறது. எழுதியவரின் கப் 120 கிராம் என்றால் மாவு 360 கிராம். தண்ணீர் மாவின் எடையில் 67 சதவீதம். மென்மையான, கையில் லேசாக ஒட்டும் மாவு கிடைக்கும். நீங்கள் குத்தி அள்ளியதில் கப்புக்கு 150 வந்தால் மாவு 450 கிராம். தண்ணீர் 53 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. இறுகிய, பிசையவே கை வலிக்கும் உருண்டை. இரண்டு பேரும் குறிப்பில் உள்ளபடிதான் செய்தார்கள்.

குறிப்பு எழுதியவர் தம் கப் எத்தனை கிராம் என்று எங்காவது சொல்லியிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லவில்லை என்றால் 120 முதல் 125 கிராம் என்று தொடங்குங்கள். மாவு குறைவாக இருந்தால் பிசையும்போது ஒரு கரண்டி சேர்க்கலாம். அதிகமாகப் போட்டதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

"சலித்த மாவு 1 கப்", "மாவு 1 கப், சலித்தது": இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. முதலாவதில் சலித்த பிறகு அளக்க வேண்டும். இரண்டாவதில் அளந்த பிறகு சலிக்க வேண்டும். ஒரு கப்புக்கு 10 கிராமுக்கு மேல் வித்தியாசம் வரும். "நறுக்கிய கொட்டைப் பருப்பு 1 கப்", "கொட்டைப் பருப்பு 1 கப், நறுக்கியது" என்பதும் இப்படித்தான். முழுப் பருப்புக்கு இடையில் பெரிய பெரிய இடைவெளி இருக்கும். நறுக்கியது அந்த இடைவெளியை அடைத்துக்கொள்ளும். கவனமாக எழுதுபவர்கள் இந்தச் சொல்வரிசையைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். கவனமில்லாத குறிப்பில் எது உத்தேசம் என்று கண்டுபிடிக்க முடியாது. எடையும் கொடுத்திருந்தால் எடையை நம்புங்கள்.

அடிக்கடி தேவைப்படும் எண்களைத் தர முடியுமா?

237 மில்லிலிட்டர் கப்புக்கு, தலைதட்டி அளந்தால்:

தண்ணீர் 237 கிராம்
பால் 244
எண்ணெய் 218
தேன் 336
வெண்ணெய் 227
மைதா (கரண்டியால் நிரப்பியது) 120 முதல் 125
சர்க்கரை 200
பழுப்புச் சர்க்கரை, அமுக்கி நிரப்பியது 220
பழுப்புச் சர்க்கரை, தளர்வாக 145
ஐசிங் சர்க்கரை, சலிக்காதது 120, சலித்தது 100
கொக்கோ தூள் 85 முதல் 100
ஓட்ஸ் 80 முதல் 100
அரிசி, நீள ரகம் 185. குட்டை ரகம் 200

250 மில்லிலிட்டர் கப் என்றால் ஒவ்வொன்றையும் 1.06 ஆல் பெருக்குங்கள். 200 மில்லிலிட்டர் கப் என்றால் 0.85 ஆல்.

இதில் பழுப்புச் சர்க்கரையைக் கவனியுங்கள். அமுக்கினால் 220, அமுக்காவிட்டால் 145. ஒரே பொருள், ஒரே கப். அது ஈரப்பசை உள்ள சர்க்கரை. படிகங்கள் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு, கட்டிகளுக்கு இடையில் பெரிய பொந்துகளை விட்டுவிடும். அதனால்தான் குறிப்புகளில் "அமுக்கி" என்று தனியாகச் சொல்கிறார்கள்.

அட்டவணையில் இல்லாத பொருளுக்கு என்ன செய்வது?

சூத்திரம் ஒன்றுதான்: மில்லிலிட்டரை அடர்த்தியால் பெருக்கினால் கிராம், கிராமை அடர்த்தியால் வகுத்தால் மில்லிலிட்டர். பாலுக்கு 1.03, எண்ணெய்க்கு 0.92, தேனுக்கு 1.42, சர்க்கரைக்கு 0.85, மாவுக்கு 0.51 என்று வைத்துக்கொள்ளலாம். 100 கிராம் தேன் வேண்டும், தராசு இல்லை என்றால் 100 ÷ 1.42, அதாவது சுமார் 70 மில்லிலிட்டர். 15 மில்லிலிட்டர் கொள்ளும் மேசைக்கரண்டியால் நாலரைக் கரண்டிக்குச் சற்று அதிகம்.

ஆனால் இதைவிட நல்ல வழி இருக்கிறது. உங்கள் கப்பால், உங்கள் கைப்பழக்கத்தில், உங்கள் வீட்டுப் பொருளை நிரப்பி எடை போட்டுக் குறித்து வையுங்கள். ஒரு முறை போட்டால் போதாது. நிரப்பி, எடை பார்த்து, கொட்டி, மறுபடி நிரப்புங்கள். மூன்று தடவை செய்தால் அந்தப் பொருள் எவ்வளவு ஊசலாடுகிறது என்பதும் தெரிந்துவிடும். சர்க்கரை ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே எண்ணில் வந்து நிற்கும். மாவு நிற்காது. எதைக் கப்பால் அளக்கலாம், எதை அளக்கக் கூடாது என்பதை இந்தச் சிறு சோதனை எந்த அட்டவணையையும்விடத் தெளிவாகக் காட்டிவிடும். எழுதிய சீட்டை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.

கரண்டி அளவுகள் எல்லா நாட்டிலும் ஒன்றா?

தேக்கரண்டி பெரும்பாலும் எங்கும் 5 மில்லிலிட்டர். மேசைக்கரண்டி 15 மில்லிலிட்டர், ஆஸ்திரேலியாவைத் தவிர, அங்கே 20. ஆஸ்திரேலியக் குறிப்பில் 3 மேசைக்கரண்டி சோளமாவு என்றால் 60 மில்லிலிட்டர். 15 மில்லிலிட்டர் கரண்டியால் அளந்தால் 45தான் போகும், சாறு கெட்டிப்படாது.

சாப்பிடும் கரண்டி அளவுக் கரண்டி அல்ல. வடிவமும் ஆழமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். குவித்து எடுத்தால் தலைதட்டியதைப்போல இரண்டு மடங்குகூட நிற்கும். குறிப்பில் "குவித்து" என்று சொல்லாதவரை எல்லாக் கரண்டியும் தலைதட்டியதுதான்.

உப்பை ஏன் எடையால் அளக்கச் சொல்கிறார்கள்?

உப்பு என்பது ஒரே பொருள். ஆனால் படிகத்தின் வடிவம் ஒன்றல்ல. பொடி உப்பு ஒரு தேக்கரண்டி 6 கிராம். செதில் செதிலாக இருக்கும் உப்பு வகைகளில் சில அதே கரண்டியில் 3 கிராம்கூட வராது. குறிப்பு எழுதியவர் செதில் உப்பில் 2 தேக்கரண்டி போட்டிருந்து, நீங்கள் பொடி உப்பில் 2 தேக்கரண்டி போட்டால், உணவில் இரண்டு மடங்கு உப்பு. வாயில் வைக்க முடியாது.

எடை பார்த்தால் இந்தப் பிரச்சினையே எழாது. 6 கிராம் உப்பு எந்த வடிவத்தில் இருந்தாலும் 6 கிராம் உப்புதான். ஊறுகாய் போடும்போதும் காய்களை உப்புநீரில் புளிக்கவைக்கும்போதும் இது இன்னும் முக்கியம். அங்கே உப்பின் சதவீதம்தான் கெட்டுப்போகாமல் காக்கிறது. அந்த வேலைக்குக் கரண்டி கணக்கு வேண்டவே வேண்டாம்.

ஈஸ்ட், சோடா போன்ற சிறிய அளவுகளுக்குத் தராசு உதவுமா?

சாதாரணச் சமையலறைத் தராசு உதவாது. அது 1 கிராம் படியில்தான் காட்டும். 3 கிராம் என்று காட்டினால் உண்மையில் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையில் எதுவாகவும் இருக்கலாம். கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு முன்பின். இன்னொரு குறையும் உண்டு. சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் சில தராசுகள் அந்தச் சிறு மாற்றத்தை அசைவு என்று நினைத்து, பூஜ்யத்தையே காட்டிக்கொண்டிருக்கும்; திடீரென்று 2 அல்லது 3க்குத் தாவும்.

இங்கே தலைதட்டிய தேக்கரண்டியே மேல். இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி சுமார் 3 கிராம். 7 கிராம் பாக்கெட் என்பது 2¼ தேக்கரண்டி. பேக்கிங் பவுடரும் சமையல் சோடாவும் ஒரு தேக்கரண்டிக்கு 5 கிராமை ஒட்டி வரும். அடிக்கடி ரொட்டி சுடுபவர்கள் 0.1 கிராம்வரை காட்டும் சிறிய தராசு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது பயனுள்ளது.

என் தராசில் மில்லிலிட்டர் பொத்தானும் இருக்கிறது. அதை வைத்து எண்ணெயை அளக்கலாமா?

வேண்டாம். தராசால் இடத்தை அளக்க முடியாது. அந்தப் பொத்தான் எடையைப் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பது தண்ணீர் என்று வைத்துக்கொண்டு ஓர் எண்ணைக் காட்டுகிறது. சிலவற்றில் பாலுக்கென்று தனியாக ஒன்று இருக்கும். 100 மில்லிலிட்டர் என்று காட்டும்வரை எண்ணெய் ஊற்றினால் நீங்கள் ஊற்றியது 100 கிராம். அது உண்மையில் 109 மில்லிலிட்டர். தேன் என்றால் தலைகீழ்: 100 என்று காட்டும்போது உள்ளே இருப்பது 70 மில்லிலிட்டர்தான். கிராமில் வைத்துவிட்டு மேலே சொன்ன அடர்த்தியால் கணக்கிடுங்கள்.

அவுன்ஸ் என்று வந்தால்?

அவுன்ஸ் இரண்டு. எடை அவுன்ஸ் 28.35 கிராம். திரவ அவுன்ஸ் கொள்ளளவைக் குறிப்பது: அமெரிக்காவில் 29.57 மில்லிலிட்டர், பிரிட்டனில் 28.41. தண்ணீருக்கும் பாலுக்கும் இரண்டையும் குழப்பிக்கொண்டாலும் பெரிய கேடு வராது. "8 அவுன்ஸ் மாவு" என்பதை ஒரு கப் என்று நினைத்தால்தான் வம்பு. 8 எடை அவுன்ஸ் என்பது 227 கிராம், ஏறக்குறைய 1.9 கப் மாவு. உலர்ந்த பொருளுக்கு அவுன்ஸ் என்று வந்தால் அது எடைதான் என்று கொள்ளுங்கள். ஒரு பவுண்டு 16 அவுன்ஸ், 453.6 கிராம்.

திரவத்துக்கும் உலர்ந்த பொருளுக்கும் தனித்தனிக் கப் தேவையா?

கொள்ளளவு ஒன்றுதான், பயன்பாடு வேறு. உலர் பொருளுக்கான கப்பை விளிம்புவரை நிரப்பித் தலைதட்ட வேண்டும். கண்ணாடிக் குடுவையில் கோடு விளிம்புக்குக் கீழே இருப்பதால் மாவைத் தலைதட்ட முடியாது. குலுக்கிச் சமப்படுத்தப் போனால் இறுகிவிடும். திரவத்துக்குக் குடுவைதான் வசதி. அதைச் சமதளத்தில் வைத்து, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். தண்ணீரின் மேற்பரப்பு கண்ணாடிச் சுவரை ஒட்டிச் சற்று மேலேறி, நடுவில் குழிந்திருக்கும். அந்தக் குழிவின் அடிமட்டம் கோட்டைத் தொட வேண்டும். நின்றபடி மேலிருந்து குனிந்து பார்த்தால் உண்மையைவிட அதிகமாக இருப்பதுபோல் தெரியும்.

உருக்கிய வெண்ணெய்க்கும் கட்டி வெண்ணெய்க்கும் எடை மாறுமா?

மாறாது. 100 கிராம் கட்டியை உருக்கினால் 100 கிராம்தான்; நீர் ஆவியாகும்வரை கொதிக்க விடாமல் இருந்தால் போதும். அமெரிக்கக் குறிப்புகளில் "ஒரு ஸ்டிக்" என்று வருவது 113 கிராம், அரைக் கப், 8 மேசைக்கரண்டி. கட்டி வெண்ணெயைக் கப்பில் அமுக்கி அளப்பது வீண் வேலை. மூலைகளில் காற்று நின்றுவிடும்.

முட்டைக்கு எடை எப்படி?

ஓடு நீக்கிய பெரிய முட்டை சுமார் 50 கிராம். வெள்ளைக்கரு 30, மஞ்சள்கரு 18 முதல் 20. இது அமெரிக்க 'பெரிய' அளவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓட்டோடு 53 முதல் 63 கிராம் வரை நடுத்தரம், 63 முதல் 73 வரை பெரியது. ஐரோப்பியக் குறிப்பில் பெரிய முட்டை நான்கு என்றால், உங்களிடம் இருப்பவை சிறியனவானால் ஐந்து உடைக்க வேண்டியிருக்கலாம். செய்முறையைப் பாதியாக்கும்போது ஒன்றரை முட்டை வந்தால், இரண்டை உடைத்து அடித்துக் கலக்கி 75 கிராம் ஊற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு குறிப்பை முழுவதுமாக மாற்றிக் காட்ட முடியுமா?

சாதாரணச் சாக்லேட் கேக் ஒன்று, 237 மில்லிலிட்டர் கப் கணக்கில்: மைதா 1½ கப், கொக்கோ ¼ கப், சர்க்கரை 1 கப், வெண்ணெய் ½ கப், பால் ¾ கப், பெரிய முட்டை 2, பேக்கிங் பவுடர் 1½ தேக்கரண்டி, பொடி உப்பு ¼ தேக்கரண்டி.

மைதா 1½ × 120 = 180 கிராம். கொக்கோ 85 ÷ 4 = 21. சர்க்கரை 200. வெண்ணெய் 113. பால் ¾ × 244 = 183. முட்டை 100. பேக்கிங் பவுடரையும் உப்பையும் கரண்டியிலேயே விட்டுவிடுங்கள். அவற்றைக் கிராமாக்கி 1 கிராம் தராசில் அளப்பது துல்லியத்தைக் கூட்டாது, குறைக்கும்.

இனி ஒரே பாத்திரம் போதும். தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி மைதா 180; மறுபடி பூஜ்யமாக்கிக் கொக்கோ 21; இப்படியே உலர் பொருட்களை முடித்துவிடலாம். கை தவறி அதிகம் கொட்டினாலும் கலக்கும் முன்பு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்துவிட முடியும் என்பதால், ஒவ்வொன்றையும் ஒவ்வொரு மூலையில் கொட்டுவது நல்லது.

கணக்கில் வரும் எண்களை முழுமையாக்கலாமா?

தாராளமாக. 183 கிராம் பாலை 185 ஆக்கலாம், 21 கிராம் கொக்கோவை 20 ஆக்கலாம். மாவு, சர்க்கரை, திரவம் ஆகியவற்றில் 5 கிராமுக்கு முழுமையாக்கினால் நாக்குக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. "177.441 மில்லிலிட்டர்" என்று காட்டும் மாற்றுக் கருவிகளைப் பார்த்து மிரள வேண்டாம்; மூலக் குறிப்பு "முக்கால் கப்" என்று சொன்னபோது அவ்வளவு துல்லியம் அதில் இருக்கவே இல்லை. உப்பையும் ஈஸ்ட்டையும் மட்டும் முழுமையாக்காதீர்கள். 1.5 கிராம் உப்பை 2 ஆக்குவது மூன்றில் ஒரு பங்கு கூட்டுவதாகும்.

கீரை, கொத்துமல்லி போன்ற இலைகளைக் கப்பால் அளப்பது?

கப் அளவிலேயே மிகவும் நம்ப முடியாதது இதுதான். தளர்வாகப் போட்டதும் அமுக்கிப் போட்டதும் இரண்டு மூன்று மடங்கு வேறுபடும். எடை கொடுத்திருந்தால் எடை. இல்லையென்றால் கண் திட்டம். நல்லவேளையாக இலை கொஞ்சம் கூடினாலும் எதுவும் கெட்டுவிடாது.

தராசு சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பிரிக்காத பொட்டலம் ஒன்றை வைத்துப் பார்க்கத் தோன்றும். ஆனால் உறையின் எடையும் சேரும், நிரப்பும்போதும் சில கிராம் முன்பின் இருக்கும். 100 அல்லது 500 கிராம் சோதனை எடைக்கல் ஒன்று கிடைத்தால் அதுவே சரி. இல்லாவிட்டால் ஒரே பொருளைத் தட்டின் நடுவிலும் நான்கு ஓரங்களிலும் வைத்துப் பாருங்கள். எண் மாறினால் தராசு சமமாக நிற்கவில்லை அல்லது பழுதாகிவிட்டது. மிருதுவான விரிப்பின் மேல் தராசை வைக்காதீர்கள். பாட்டரி இறங்கும்போதும் எண்கள் தடுமாறும். பழுது என்று முடிவுகட்டும் முன் பாட்டரியை மாற்றிப் பாருங்கள்.

தராசு வாங்க முடியாதவர்கள் என்ன செய்வது?

கப்பாலேயே அளக்கலாம், அளக்கும் முறையை மட்டும் மாற்றாதீர்கள். ஒரே கப், மாவைக் கிளறிவிட்டு, கரண்டியால் அள்ளிப் போட்டு, தட்டாமல் தலைதட்டுவது. கிராமில் இருக்கும் குறிப்பைக் கப்பாக்க மாவு எடையை 120 ஆலும் சர்க்கரையை 200 ஆலும் வெண்ணெயை 227 ஆலும் வகுங்கள். 300 கிராம் மாவு என்றால் 2½ கப். 150 கிராம் சர்க்கரை என்றால் முக்கால் கப். பின்னம் சரியாக வராதபோது மேசைக்கரண்டியைத் துணைக்கு எடுங்கள்: ஒரு கப்புக்கு 16 மேசைக்கரண்டி. ஆகவே ஒரு மேசைக்கரண்டி மாவு ஏழரை கிராம், சர்க்கரை பன்னிரண்டரை, வெண்ணெய் 14. 340 கிராம் மாவு வேண்டுமானால் 2¾ கப்புக்கு மேல் ஒரு மேசைக்கரண்டி சேர்த்தால் 337 வந்துவிடும். மீதியை மாவின் பதம் பார்த்துச் சேருங்கள்.